சிலிர்க்காத முள்

நத்தைக்குட்டையின் இந்தக் கரையில் முயல்கள் இருந்தன. அந்தக் கரையில், பாறைக்காட்டில், நரிகள் இருந்தன. நடுவில் தண்ணீர். கோடை வந்ததும் சண்டை வந்தது.

காட்டில் மற்ற குட்டையெல்லாம் வற்றிவிட்டது. நரிகளுக்குத் தண்ணீரும் வேண்டும், முயலும் வேண்டும். முயல்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

முயல் என்ன சண்டை போடும் என்று சிரிக்க வேண்டாம். அவற்றிடம் ஒரு முறை இருந்தது. கரை மேட்டில் ஒரு காவல் முயல் நிற்கும். நரி வாடை அடித்ததும் பின்னங்காலால் தரையைத் தட்டும். தட்! தட்! தாய் முயல்கள் குட்டிகளை ஓட்டிக்கொண்டு சூரைமுள் புதருக்குள் நுழைந்துவிடும். படை முயல்கள் வரிசையாகத் திரும்பி நின்று புழுதியை உதைக்கும். கண் நிறைய மண்ணோடு எந்த நரியும் வேட்டையாடாது. முதலில் தட்டு, பிறகு உதை. அவ்வளவுதான் அவற்றின் போர்.

கரையை விட்டுச் சற்றுத் தள்ளிப் புற்றுமேட்டில் முள்ளாண்டி குடியிருந்தான். முள்ளம்பன்றி. வேர் தோண்டித் தின்கிறவன். எந்த வேர் எதற்கு ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். வயிற்றுவலி என்றால் முயல்கள் அவனிடம்தான் வரும். வலி போனதும், "தள்ளி உக்காருங்க, குத்தும்!" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பிறந்ததிலிருந்து அவன் கேட்டு வளர்ந்த பேச்சு அதுதான்.

அவனைப் பற்றி ஊருக்கே தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பயந்தால் அவனுக்கு முள் சிலிர்க்கும். வால் முட்கள் கலகலவென்று ஆடும். பொய் சொன்னாலும் அப்படித்தான். மாட்டிக்கொள்வோமோ என்கிற பயம். அதனால் அவன் பொய் சொல்வதில்லை. சொன்னால் அவன் வாலே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருநாள் முயல்களின் தளபதி கொம்பன் அவனைத் தேடி வந்தான். முயலுக்கு ஏது கொம்பு என்று கேட்கக் கூடாது. கேட்டவர்களை அவன் உதைத்திருக்கிறான்.

"முள்ளாண்டி! உன்கிட்ட ஒரு வேர் வேணும்."

"எதுக்கு?"

"தூக்கம் வரக் கூடாது. வலி தெரியக் கூடாது. முக்கியமா, பயம் வரவே கூடாது!"

"யாருக்கு?"

"என் படைக்கு! அந்தத் துடியன் தொல்லை தாங்கல. தவளை குதிச்சாத் தட்டுறான். இலை விழுந்தாத் தட்டுறான். நேத்து ஒரு ஓணான் தலையை ஆட்டுச்சு, அதுக்கும் தட்டிட்டான்! நாங்க அரைத் தூக்கத்துல ஓடிவந்து ஓணான் கண்ணுல மண்ணை உதைச்சோம். எங்க மானமே போச்சு!"

துடியன்தான் காவல் முயல். காது எப்போதும் விறைத்திருக்கும். உடம்பு எப்போதும் நடுங்கும். படை முயல்கள் அவனை 'நடுக்கன்' என்றுதான் கூப்பிடும். ஆனால் அவன் காவலில் ஒரு குட்டியைக்கூட நரி தொட்டதில்லை. அதை யாரும் சொல்வதில்லை.

"அப்படி ஒரு வேர் இருக்கு," என்றான் முள்ளாண்டி. "உறங்காவேர். ஆனா அதை இதுவரைக்கும் யாரும் தின்னதில்ல."

"நீ தின்னு பாரு. நல்லா இருந்தா இனிமே நீ வெறும் முள்ளாண்டி இல்ல, படை வைத்தியர்! கரை மேட்டுல எனக்குப் பக்கத்துல உனக்கு இடம்!"

பக்கத்தில் இடம்! முள்ளாண்டி அன்றைக்கே மண்வெட்டி போலத் தோண்டினான்.

காலையில் வேரைத் தின்றான். நாக்கில் பட்டதுமே வேலை செய்தது. தலை தெளிந்தது. அலுப்பு போனது. காலில் நெருஞ்சி தைத்திருந்தது, வலிக்கவில்லை. அடடா, என்ன வேர் என்று அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் ஒற்றையடிப் பாதையில் நரைமூக்கன் எதிரே வந்தான். நரிகளுக்குத் தலைவன். முகத்துக்கு முகம்!

மற்ற நாளாக இருந்தால் முள்ளாண்டியின் முட்கள் அந்த நொடியே சிலிர்த்து நின்றிருக்கும். நரி வாலைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கும். அன்றைக்கு ஒரு முள்கூட அசையவில்லை. முள்ளாண்டி நரியைப் பார்த்தான். கல்லைப் பார்ப்பது போலப் பார்த்தான். நரி வந்திருக்கிறது. சரி. அவ்வளவுதான் தோன்றியது.

நரைமூக்கன் குழம்பிப்போனான். சுற்றிச் சுற்றி வந்தான். மோந்தான். பின்னால் போய் வாலை ஒரு கவ்வு கவ்வி இழுத்தான். வால் முட்கள் கொத்தாக அவன் வாயோடு வந்தன. வாயில் குத்தியதில் கத்திக்கொண்டு ஓடினான். அந்த வலி அவனைத் துரத்தியது. அது இல்லையென்றால் முள்ளாண்டியின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பிறகு வேரின் வேகம் இறங்கியது. முள்ளாண்டி திரும்பி வாலைப் பார்த்தான். மொட்டை. ரத்தம். அப்போதுதான் வலித்தது. அப்போதுதான் நடுங்கினான். உடம்பு முழுக்க முள் சிலிர்த்தது. நரி எப்போதோ போய்விட்டது.

அவனுக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. முள்ளைத் தூக்கி நிறுத்துவது பயம்தான். பயம் போனால் முள் வெறும் மயிர்.

ஆனால் மேட்டில் அந்த இடம் அவன் கண்ணிலேயே நின்றது. 'முயலுக்கு ஏது முள்?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். 'நமக்கு ஆனது அவங்களுக்கு எதுக்கு ஆகப்போகுது?' அந்தச் சமாதானம் போதுமானதாக இருந்தது. வேண்டியவனுக்கு எந்தச் சமாதானமும் போதும்.

முயல்களின் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தெரியாத இலையோ வேரோ கொண்டுவந்தவர், எல்லார் முன்னாலும் முதலில் தானே கடிக்க வேண்டும். கடித்துவிட்டு, அது தனக்கு என்ன செய்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் வாய் வைப்பார்கள்.

முள்ளாண்டி மேட்டில் ஏறினான். மொட்டை வாலை மடித்து அதன் மேல் உட்கார்ந்தான். வேரைக் கடித்தான்.

"சொல்லுங்க வைத்தியரே!" என்றான் கொம்பன். மரியாதை அதற்குள் வந்துவிட்டது. "தின்னு பார்த்தீங்களே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல," என்றான் முள்ளாண்டி.

முயல்கள் அவன் முட்களைப் பார்த்தன. படிந்து கிடந்தன. ஒன்றும் சிலிர்க்கவில்லை. அப்படியானால் உண்மைதான் என்று நம்பின. வாயில் இருந்த வேர்தான் முள்ளை அடக்கிவைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

அவன் சொன்னது ஒருவகையில் பொய்யும் இல்லை. ஒன்றும் ஆகவில்லைதான். ஆக வேண்டியது ஆகவில்லை. அதைத்தான் அவன் சொல்லியிருக்க வேண்டும்.

துடியன் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்தான்.

"வைத்தியரே, என் நடுக்கம் போயிருமா?"

"போயிரும்."

"அப்புறம் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

துடியன் வேரைக் கையில் எடுத்தான். பிறகு நிறுத்தினான். "நடுக்கம் வந்தாத்தான் எனக்குக் காலு தானாத் தட்டும். நடுக்கம் போயிருச்சுன்னா..."

"காலு இருக்குல்ல? தட்டுடா!" என்று கொம்பன் கத்தினான். படை சிரித்தது.

"எனக்கு வேண்டாம்னு சொல்லலாமா, தளபதி?"

"தாராளமா! சொல்லிட்டுப் பொண்டாட்டி குட்டியோட கரையை விட்டுப் போயிரலாம். யாரும் கட்டிப்போடலையே!"

கரையை விட்டால் பாறைக்காடு. பாறைக்காட்டில் நரி. துடியன் கூட்டத்தில் இருந்த தன் பெண்டாட்டி பூளையைப் பார்த்தான். குட்டிகளைப் பார்த்தான். கடைசியாக முள்ளாண்டியைப் பார்த்தான். ஏதாவது சொல்வீர்களா என்கிற பார்வை.

முள்ளாண்டி எதுவும் சொல்லவில்லை. துடியன் தின்றான்.

மறுநாளிலிருந்து அது வேறு படை! தூக்கம் இல்லை. அலுப்பு இல்லை. நரிகள் ஓடிவந்தன. "உதை!" என்றான் கொம்பன். முயல்கள் உதைத்தன. "இன்னும்!" என்றான். இன்னும் உதைத்தன. நகம் பெயர்ந்தது. ரத்தம் வந்தது. ஒன்றும் முகத்தைச் சுளிக்கவில்லை. நரிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடின.

துடியன் மேட்டில் கல்தூண் போல நின்றான். நடுக்கமே இல்லை. தவளை குதித்தாலும் திரும்பவில்லை.

"பார்த்தீங்களா நம்ம துடியனை! சிங்கம்!" என்றான் கொம்பன்.

முள்ளாண்டி கொம்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "வைத்தியரே, இன்னும் கிட்ட வாங்க," என்றார்கள். யாரும் 'குத்தும்' என்று சொல்லவில்லை. காலையில் வேரை நறுக்கிப் பங்கிட்டுக் கொடுப்பது அவன் வேலை. கொம்பன் மட்டும் வாங்கவில்லை. "தளபதிக்குப் புத்தி தெளிவா இருக்கணும்ல?" என்றான். முள்ளாண்டி தலையாட்டினான்.

நரைமூக்கன் அக்கரைப் பாறையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை. அவசரம் இல்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். அந்தப் பார்வை முள்ளாண்டிக்குத் தெரியும். ஒற்றையடிப் பாதையில் தன்னைச் சுற்றி வந்து மோந்தபோது பார்த்த அதே பார்வை.

முள்ளாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு மத்தியானம் பூளை புற்றுமேட்டை நோக்கி வந்தாள். அவள் வருவதைத் தூரத்திலேயே முள்ளாண்டி பார்த்துவிட்டான். முதுகில் முள் மெல்ல எழுந்தது. சட்டென்று ஒரு துண்டு வேரை வாயில் போட்டுக்கொண்டான். முள் படிந்தது. வாலை மடித்து உட்கார்ந்தான். அவன் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான்.

"வைத்தியரே, அவருக்குக் காலு வீங்கியிருக்கு. முள்ளு தைச்சுச் சீழ் வச்சிருக்கு. நொண்டக்கூட மாட்டேங்கிறார். அந்தக் காலை வச்சுத்தான் தட்டணும்!"

"மருந்து வச்சுக் கட்டலாம்."

"அது மட்டும் இல்ல. நேத்துக் குட்டி மேலயே மிதிச்சிட்டுப் போனார். குட்டி கத்துச்சு. திரும்பிப் பார்த்தார். 'கத்துது'ன்னார். போயிட்டார்." பூளை ஒரு அடி கிட்ட வந்தாள். "அவர் அப்படி இல்ல, வைத்தியரே. குட்டி தும்மினாப் பதறுற ஆளு."

முள்ளாண்டி தரையைப் பார்த்தான்.

"நீங்க தின்னப்ப உங்களுக்கு என்ன ஆச்சு? நிஜமாச் சொல்லுங்க."

"ஒண்ணும் ஆகல," என்றான்.

அவள் அவன் முட்களையே பார்த்தாள். படிந்து கிடந்தன. போய்விட்டாள்.

அடுத்த விடியலில் நரிகள் வந்தன. ஓடிவரவில்லை. நடந்து வந்தன. நரைமூக்கன் முன்னால் வந்தான். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் போல வந்தன.

முள்ளாண்டி மேட்டில் இருந்தான். வேர்க்கூடையைத் திறக்கக்கூட இல்லை. அவனுக்கு முதுகு முழுக்கச் சிலிர்த்தது. வாலை ஆட்டினான். கலகலவென்று சத்தம் வந்திருக்க வேண்டும். மொட்டை வாலில் என்ன சத்தம் வரும்?

துடியனைப் பார்த்தான். துடியன் நேராக நரிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"துடியா! நரி!"

"ஆமா, வைத்தியரே. அப்பவே பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டா தட்டல?"

துடியன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "தட்டணும்னு தோணல," என்றான்.

"தட்டுடா! உன் குட்டிங்க வெளியில மேயுதுடா!"

"ஆமா. மேயுது."

"தட்டு!"

சொன்னதற்காகக் காலைத் தூக்கினான். தட்டினான். வீங்கிய கால் சொத்தென்று மண்ணில் விழுந்தது. சத்தமே இல்லை. சீழ் மட்டும் வந்தது. துடியன் அதை வேடிக்கை பார்த்தான்.

முள்ளாண்டி படையைப் பார்த்துக் கத்தினான். "உதைங்க! மண்ணை வாரி உதைங்க!"

"தளபதி சொல்லட்டும்," என்றது ஒரு முயல். தினமும் தின்றதில், முந்தின நாள் வேரின் வேகமே அவற்றின் உடம்பில் இன்னும் இறங்கவில்லை. வரிசையாக உட்கார்ந்திருந்தன. நரி கிட்ட வந்தது. உட்கார்ந்திருந்தன.

தளபதி எங்கே? கொம்பன் வேர் தின்னாதவன். அவனிடம் பயம் பத்திரமாக இருந்தது. அழகாக ஓடினான். உத்தரவு சொல்லக்கூட நிற்கவில்லை.

தாய் முயல்கள் தட்டுச் சத்தத்துக்கே பழகியவை. சத்தம் வராததால் புல்லிலேயே இருந்தன. முள்ளாண்டி உருண்டு புரண்டு இறங்கினான். "ஓடுங்க! புதருக்கு ஓடுங்க!" அவை ஓடின. அவன் புதர் வாசலில் நரிகளுக்கு முதுகைக் காட்டி நின்றான். ஒவ்வொரு முள்ளும் விறைத்து நின்றது. அவ்வளவு பயம் அவனுக்கு. அந்தப் பயத்தால்தான் உள்ளே போனவை பிழைத்தன.

போகாதவை பிழைக்கவில்லை.

நரைமூக்கன் மேட்டில் ஏறினான். துடியன் அவன் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஓடவில்லை. கத்தவில்லை. காதுகூட விறைக்கவில்லை. நரி அவன் கழுத்தைக் கவ்வித் தூக்கியது. பூளை புதருக்குள் இருந்து பார்த்தாள். முள்ளாண்டி வாசலில் இருந்து பார்த்தான்.

சாயங்காலம் மிச்சப் படைக்கு வேர் இறங்கியது. ஒன்றொன்றாக நடுங்கத் தொடங்கின. பெயர்ந்த நகம் வலித்தது. பக்கத்தில் இருந்த இடம் காலியாக இருப்பது தெரிந்தது. அப்போதுதான் அழுதன.

கொம்பன் திரும்பி வந்தான். மேட்டில் ஏறித் தொண்டையைச் செருமினான்.

"நடந்தது நடந்துபோச்சு! இதுக்கு ஒரே காரணம் துடியன். பார்த்தவன் தட்டல. வைத்தியர் தட்டச் சொல்லியும் தட்டல. அவன் துரோகி! துரோகியோட குடும்பத்துக்கு இந்தக் கரையில தண்ணி கிடையாது. பூளை, குட்டிகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு!"

பூளை குட்டிகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். ஒரு குட்டி அவள் காலுக்கு அடியில் ஒண்டியது.

"வைத்தியரே!" கொம்பன் குரலைத் தணித்தான். "நாளைக்கு வேரைக் கொஞ்சம் கூடுதலாப் போடுங்க. நீங்களும் சொல்லுங்க, வேர்ல ஒண்ணும் தப்பில்லையே?"

பக்கத்தில் அவன் இடம் இருந்தது. நன்றாகப் பெருக்கி வைத்திருந்தார்கள்.

முள்ளாண்டி எழுந்தான். முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. மறைக்கவில்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். மொட்டை வாலை எல்லோரும் பார்த்தார்கள்.

"வேர் தின்ன அன்னிக்கே நரைமூக்கன் இதைப் பிடுங்கிட்டான். எனக்குப் பயம் வரல. முள்ளு எந்திரிக்கல. அது தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

முள்ளாண்டி மறுபடி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"ஒண்ணும் ஆகலன்னு சொன்னேன். நரி வந்தாலும் உடம்புல ஒண்ணும் ஆகாது. அதுதான் அந்த வேர். துடியன் துரோகி இல்ல. தட்டுற கால்ல இருந்து நடுக்கத்தை எடுத்தவன் நான். வேண்டாம்னு சொல்ல விடாதவர் தளபதி. அவ கிளம்ப வேண்டாம். கிளம்ப வேண்டியது நாங்க."

"டேய்! பொய் சொல்றான்!" என்று கொம்பன் கத்தினான். ஆனால் முயல்கள் அவனைப் பார்க்கவில்லை. வரிசையாகத் திரும்பி நின்றன. உத்தரவு இல்லாமல், நடுங்கிக்கொண்டே, புழுதியை அவன் மேல் உதைத்தன. கொம்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினான். இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

முள்ளாண்டி வேர்க்கூடையைத் தண்ணீரில்லாத பள்ளத்தில் கொட்டி மண்ணைத் தள்ளினான். பூளை பக்கத்தில் வந்து நின்றாள். வைத்தியரே என்று கூப்பிடவில்லை.

"நான் வர்றதைப் பார்த்து வாயில எதையோ போட்டுக்கிட்டீங்களே. இதுதானா?"

"ஆமா."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா அவர் இருந்திருப்பார்ல?"

முள்ளாண்டி தலையைக் குனிந்தான். அவள் குட்டிகளோடு புதருக்குப் போய்விட்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மழை வந்தது. மற்ற குட்டைகளும் நிறைந்தன. நரிகள் வேறு பக்கம் போயின. இப்போது மேட்டுக் காவல் பூளையுடையது. நன்றாக நடுங்குவாள். தவளை குதித்தாலும் தட்டுவாள். படை எழுந்து ஓடிவரும். வெறும் தவளை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்ப் படுக்கும். யாரும் சிரிப்பதில்லை.

மேட்டை விட்டுப் புற்றுமேட்டுக்கே திரும்பிவிட்ட முள்ளாண்டிக்கு வாலில் புது முள் முளைத்துவிட்டது. நடந்தால் கலகலவென்று கேட்கும். எல்லோரும் குடித்துவிட்டுப் போன பிறகுதான் அவன் தண்ணீருக்கு வருவான். அந்தச் சத்தம் கேட்டதும் மேட்டில் பூளையின் கால் தானாகத் தட்டும். தட்! தட்! நரிக்குத் தட்டுகிற அதே தட்டு. தாய் முயல்கள் குட்டிகளைப் புதருக்குள் ஓட்டும். முள்ளாண்டி வந்த இடத்திலேயே நின்றுவிடுவான். தட்டு ஓயும்வரை தலையைக் குனிந்து நிற்பான். பிறகுதான் குடிப்பான்.

தன் உடம்பில் கண்ட கெடுதியை மறைத்து, அதே மருந்தை அடுத்தவன் உடம்பில் ஏற்றிச் சண்டைக்கு நிறுத்துகிறவன் வைத்தியன் அல்ல, கொலைகாரன்.